நமக்காகப் பேசுகிறவருக்கு என்ன பெயர்?

(தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டக் கமிட்டி உறுப்பினர்களுக்காக நடந்த வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



சந்தாவைப் பற்றியும் சம்பள ஒப்பந்தத்தைப் பற்றியும் எனக்கு முன்னால் பேசியவர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே நான் வேறொரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். பிறருக்காக நாலு பேர் முன்னிலையில் எழுந்து நின்று பேசுகிற மனிதரை நாம் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்? அந்தப் பெயரை அவருக்கு வைத்தது யார்? இதுதான் என் கேள்வி.

இது பள்ளிக்கூடத்து வாத்தியார் கேட்கிற கேள்விபோல இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. பிரட்டுக் களத்தில் ஒருவர் எழுந்து, “நேற்று நிறுத்த பாலில் கணக்குக் குறைகிறதே, என்ன காரணம்?” என்று கேட்கிறார். அன்று பொழுது சாய்வதற்குள் அவருக்கு இரண்டு பெயர் கிடைத்துவிடுகிறது. ஆபீஸில் ஒரு பெயர். லயத்தில் ஒரு பெயர். ஆபீஸ் வைத்த பெயர் நிலைத்தால் அவர் தனி ஆள். லயம் வைத்த பெயர் நிலைத்தால் அவருக்குப் பின்னால் ஆள் உண்டு. அடுத்த மாதம் அவர் அதே தோட்டத்தில் வேலை செய்வாரா என்பதுகூடப் பல சமயம் இதைப் பொறுத்தே இருக்கிறது. ஆகையால் கமிட்டியில் பொறுப்பு ஏற்றிருக்கும் நீங்கள் இந்தப் பெயர்களின் தன்மையை அறிந்துகொள்வது அவசியம்.

தூண்டிவிடுகிறவன்

முதலில் ஆபீஸ் வைக்கும் பெயரைப் பார்ப்போம். வெள்ளைக்காரத் துரைமார் ஆங்கிலத்தில் ‘ஏஜிட்டேட்டர்’ என்று சொன்னார்கள். தமிழில் அது ‘கிளப்பிவிடுகிறவன்’ என்றும் ‘தூண்டிவிடுகிறவன்’ என்றும் ஆயிற்று. மலாய் மொழியில் தூண்டிவிடுவதற்கு ‘ஹசுட்’ என்று பெயர். தேச நிந்தனைச் சட்டம் என்று நாம் சொல்லுகிற 1948-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மலாயில் ‘அக்தா ஹசுத்தான்’ என்றே பெயர் இருக்கிறது.

தூண்டுவது என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். தமிழில் அது கெட்ட சொல்லே அல்ல. அகல் விளக்கில் திரி மங்கினால் அம்மா ஒரு குச்சியால் திரியைத் தூண்டிவிடுவார். அந்தக் குச்சிக்குத் தூண்டுகோல் என்று பெயர். ஆனால் ஒன்று, எண்ணெய் இல்லாத விளக்கை எவ்வளவு தூண்டினாலும் எரியாது. குறை இல்லாத தோட்டத்தில் எவர் வந்து எத்தனை நாள் பேசினாலும் ஒரு தொழிலாளிகூட வேலையை நிறுத்த மாட்டார். விளக்கு எரிகிறது என்றால் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். இதை மறைப்பதற்காகத்தான் குச்சியைக் குற்றவாளி ஆக்குகிறார்கள்.

இதற்கு நம் பக்கத்திலேயே நடந்த சரித்திரம் சாட்சி. இங்கிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் குவாலா சிலாங்கூர். அதையும் கடந்தால் கிள்ளான். 1941-ஆம் ஆண்டு அந்தக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. யுத்தத்துக்கு ரப்பர் தேவைப்பட்டது. ரப்பர் விலை ஏறியது. அரிசி விலையும் ஏறியது. தொழிலாளியின் நாள் சம்பளம் மட்டும் 50 காசை ஒட்டியே நின்றது. அப்போது ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்த ஆர். எச். நாதன் என்பவரும், ஒய். கே. மேனன் போன்றவர்களும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் மூலம் தொழிலாளருக்காகப் பேசினார்கள். அந்தச் சங்கத்தைத் தொழிலாளரின் பிரதிநிதியாக ஏற்றுக்கொள்ளத் தோட்ட முதலாளிமார் சம்மதிக்கவில்லை. நாதனுக்கு அவர்கள் வைத்த பெயர் இரண்டு. ஒன்று தூண்டிவிடுகிறவர். மற்றொன்று வெளியாள்.

அப்படி நாதன் எதைத் தூண்டிவிட்டார்? அன்றைய கோரிக்கைகளைக் கேளுங்கள். இந்தியத் தொழிலாளிக்கும் சீனத் தொழிலாளிக்கும் ஒரே சம்பளம் வேண்டும். முரட்டுத்தனம் செய்கிற கிராணிகளை நீக்கித் தமிழ் தெரிந்தவர்களை வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும். சரியான வைத்திய வசதி வேண்டும். பெண் தொழிலாளரிடம் துரைமாரும் அவர்களுக்குக் கீழே உள்ளவர்களும் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை இருக்கக்கூடாது. நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கக்கூடாது. துரையும் கிராணியும் எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

தோழர்களே, சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நாதனா உண்டாக்கினார்? பெண்களின் மானத்துக்குப் பங்கம் வந்ததை நாதன் மேடையில் பேசித்தான் அந்தப் பெண்கள் தெரிந்துகொண்டார்களா? ஒவ்வொரு லயத்திலும் ஒவ்வொரு நாளும் வயிறு எரிந்து பேசிய பேச்சைத்தான் அவர் ஒரே தாளில் எழுதினார்.

அந்தக் கோரிக்கைகளில் இன்னும் இரண்டு உண்டு. இன்றைய பேச்சுக்கு அவையே முக்கியமானவை. குறைகளை எடுத்துச் சொல்லப் போகிற தொழிலாளரைப் பழிவாங்கக் கூடாது என்பது ஒன்று. தங்களுக்காகப் பேசுவதற்குத் தொழிலாளர் தாங்களே ஓர் அமைப்பு வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்பது மற்றொன்று. சம்பளத்தையும் பள்ளிக்கூடத்தையும் கேட்டதோடு, பேசுகிறவருக்குப் பாதுகாப்பையும் சேர்த்துக் கேட்டார்கள் அந்தப் பெரியவர்கள். பேச ஆள் இல்லாமல் போனால் மற்றக் கோரிக்கைகள் எல்லாம் காற்றோடு போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1941 மே 6-ஆம் தேதி நாதன் கைது செய்யப்பட்டார். தூண்டுகிறவரைப் பிடித்துவிட்டால் மற்றவர்கள் அடங்கிப்போவார்கள் என்று சர்க்கார் கணக்குப் போட்டது. கணக்குப் பொய்த்தது. நாதனை விடுதலை செய் என்று கேட்டுத் தொழிலாளர் திரண்டார்கள். வேலைநிறுத்தம் கிள்ளானைத் தாண்டிக் குவாலா சிலாங்கூர் உள்ளிட்ட பக்கத்து மாவட்டங்களுக்கும் பரவியது. மே மாத நடுவில் சிலாங்கூரில் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது, பட்டாளம் வந்தது, தொழிலாளர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவர் போன பிறகும் அந்தக் கோரிக்கைகள் போகவில்லை.

இந்தப் பெயர் மலாயாவில் மட்டும் வைத்த பெயர் என்று எண்ண வேண்டாம். சென்னையில் 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதன் தலைவர் பி. பி. வாடியா. அவர் பம்பாயில் பிறந்த பார்சி. மில்லில் ஒரு நாளும் தறி ஓட்டியவரல்ல. 1920-ல் பின்னி கம்பெனியின் மில்லில் தகராறு முற்றியபோது, ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டினார் என்று வாடியா முதலியவர்கள் மீது கம்பெனி வழக்குப் போட்டது. ஹைகோர்ட் தடை உத்தரவு போட்டது. முடிவில் வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டியதாயிற்று. ஆனால் அந்த அநியாயத்தைப் பார்த்துத்தான் இந்தியாவில் தொழிற்சங்கங்களுக்குப் பாதுகாப்பான சட்டம் வேண்டும் என்ற கூச்சல் எழுந்தது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. தூண்டினார் என்று ஒருவர் மேல் போட்ட வழக்கு, பேசுகிறவர்கள் எல்லோரையும் காக்கும் சட்டத்துக்கு வழி செய்தது.

கங்காணி பேசிய காலம்

சரி, சங்கம் வருவதற்கு முன்னால் தொழிலாளிக்காகத் துரையிடம் பேச ஆளே இல்லையா? இருந்தார். அவர்தான் கங்காணி. கண்காணி என்ற சொல்லே கங்காணி ஆயிற்று. ஊருக்குப் போய் ஆள் கூட்டி வந்தவரும் அவரே; முன்பணம் கொடுத்தவரும் அவரே; காய்ச்சலில் படுத்தவனுக்காகத் துரையிடம் சொல்லப் போனவரும் அவரே. நல்ல மனம் படைத்த கங்காணிகளும் இருந்தார்கள், அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் வேலைக்கு வந்த தலை ஒவ்வொன்றுக்கும் இத்தனை காசு என்று கங்காணிக்குக் கொடுத்தது நிர்வாகம். அவரை நியமித்தது நிர்வாகம். நீக்கக் கூடியதும் நிர்வாகமே. அவர் நமக்காகப் பேசினாலும் நாம் அனுப்பிய ஆள் அல்ல. பேசிவிட்டு வந்து, “துரை முடியாது என்று சொல்லிவிட்டார்” என்றால், அதோடு விஷயம் முடிந்தது. அவரிடம் கணக்குக் கேட்க நமக்கு உரிமை கிடையாது. 1938-ல் இந்திய சர்க்கார், சர்க்கார் உதவியோடு தோட்டக்கூலிகளை அனுப்புவதைத் தடை செய்த பிறகு ஆள்கட்டும் கங்காணிக்கு மதிப்புக் குறைந்தது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. பேசுகிறவர் நல்லவரா கெட்டவரா என்று பார்ப்பதற்கு முன்னால், அவரை அனுப்பியது யார், திரும்பக் கூப்பிடக் கூடியது யார் என்று பாருங்கள்.

தலைவர், தொண்டர், தோழர்

இனி நாமே வைக்கும் பெயர்களைப் பார்ப்போம். முதலில் தலைவர். மேடையில் ஏறியவர் எல்லோரும் நமக்குத் தலைவர்தான்! உடம்புக்குத் தலை வேண்டும்; சங்கத்துக்கும் தலைவர் வேண்டும். ஆனால் இந்தச் சொல்லில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. “தலைவர் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லிவிட்டு நாம் வீட்டில் படுத்துக்கொள்ள இது இடம் கொடுக்கிறது. பிரச்சினை தீர்ந்தால் தலைவருக்கு மாலை. தீராவிட்டால் தலைவருக்கு ஏச்சு. இரண்டிலும் நம் கைக்கு வேலை இல்லை.

அடுத்தது தொண்டர். இது கோயிலில் பிறந்த சொல். பெரிய புராணத்துக்கே திருத்தொண்டர் புராணம் என்று பெயர் உண்டு. ஆண்டவனுக்கும் அடியாருக்கும் ஊழியம் செய்தவர்களைக் குறித்த சொல், சுதந்திரப் போராட்டக் காலத்தில் பொது ஊழியத்துக்கு வந்தது. ஜப்பான் யுத்தம் முடிந்த பிறகு கெடா மாநிலத்தில் பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை தோன்றியது. கள்ளுக்கடைக்கு முன் நின்று மறியல் செய்தார்கள். குடியை ஒழிக்கவும் தோட்டத்து ஜனங்களின் நடத்தையைச் சீர்திருத்தவும் பாடுபட்டார்கள். 1947-ல் போலீசோடு மோதல் ஏற்பட்டுப் பலர் சிறை சென்றார்கள். அவர்கள் தங்களைத் தொண்டர் என்றார்கள். அதிகாரிகளோ அதே ஆட்களைச் சட்டத்தைக் கையில் எடுத்த கூட்டம் என்றார்கள்.

அடுத்தது தோழர். பழைய தமிழ்ச் சொல்தான். 1932-ல் பெரியார் ஈ. வெ. ரா. ரஷ்யா முதலிய தேசங்களைச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது, ஸ்ரீ, திருவாளர் என்றெல்லாம் போடாமல் எல்லோரையும் தோழர் என்றே அழைக்கும்படி சொன்னார். மேல் கீழ் இல்லாத அழைப்பு இது. தொழிற்சங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான அழைப்பு வேறு இல்லை.

ஆனால் அழைப்பு எவ்வளவு நல்லதானாலும், அதிகாரம் உள்ளவர்கள் வேறு பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதையும் சரித்திரம் காட்டியிருக்கிறது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் எஸ். ஏ. கணபதி. 1948 ஜூனில் அந்தச் சம்மேளனத்தின் பதிவு ரத்தாயிற்று; அதே மாதம் நாடெங்கும் அவசரகாலம் வந்தது. துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காகக் கணபதி 1949 மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள் இன்னொரு தொழிற்சங்கவாதியான பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றைய சர்க்காருக்கு அவர்கள் பயங்கரவாதிகள். பல தொழிலாளருக்கு அவர்கள் தியாகிகள். அவர்களுடைய அரசியலைப் பற்றி இங்கே நான் வாதாட வரவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்; ஒரு பெயர் தூக்குமேடைக்குக் கொண்டுபோகிறது, மற்றொன்று நெஞ்சில் வைத்துப் போற்றுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். அந்த அவசரகாலத்தில் காட்டில் இருந்தவர்களை முதலில் கொள்ளைக்காரர் என்று குறித்த சர்க்கார், 1952-ல் இனிமேல் கம்யூனிஸ்டுப் பயங்கரவாதி என்றே குறிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. பெயர் வைப்பது சாதாரணக் காரியமானால் அதற்கு ஓர் உத்தரவு எதற்கு?

அந்தப் பயம் சூழ்ந்த காலத்திலும் சங்கம் அழிந்துவிடவில்லை. 1954-ல் ஐந்து சங்கங்கள் ஒன்றாகி தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அதை முன்னின்று நடத்திய பி. பி. நாராயணன் வகித்த பதவிக்குப் பெயர் பொதுச் செயலாளர். செயலாளர் என்றால் செயலைச் செய்கிறவர். மேடைப் பேச்சு பாதி என்றால், கடிதம் எழுதுவதும் கணக்கு வைப்பதும் பேச்சுவார்த்தை மேஜையில் உட்காருவதும் மறுபாதி என்பதை அந்தப் பதவியின் பெயரே சொல்லுகிறது.

வக்கீல், வக்கில், பேராளர்

நமக்காக வாதாடுகிறவருக்கு இன்னொரு பெயர் வக்கீல். இது அரபுச் சொல். இலங்கையில் உள்ள நம்மவர்கள் முன்பு அப்புக்காத்து என்றார்கள். அது டச்சுக்காரன் விட்டுப்போன சொல். தமிழில் வக்கீல் என்றால் கோர்ட்டில் கட்டணம் வாங்கிக்கொண்டு வழக்காடுகிறவர். ஆனால் தஞ்சோங் காராங் வயல்காட்டில் உள்ள மலாய்க்கார நண்பரைக் கேட்டுப் பாருங்கள். அவருக்கு அதே அரபுச் சொல் ‘வக்கில்’. பிரதிநிதி என்பதே அதன் பொருள். சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் மலாயில் ‘வக்கில் ரக்யாட்’, ஜனங்களின் பிரதிநிதி என்று பெயர். ஒரே சொல் இரண்டு மொழியில் இரண்டு வேலை செய்கிறது.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குப் பெரிது. வக்கீல் இன்றைக்கு நம் கட்சி பேசுவார். நாளைக்கு வேறொருவர் பணம் கட்டினால் எதிர்க்கட்சி பேசுவார். அது அவர் தொழில், அதில் குற்றமில்லை. காமன் பண்டிகையில் லாவணி கேட்டிருப்பீர்கள். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. பாடுகிறவர் கெட்டிக்காரரானால் எந்தக் கட்சியையும் எடுத்துப் பாடுவார். ஆனால் தோட்டக் கமிட்டி உறுப்பினர் அப்படிக் கட்சி மாறிப் பாட முடியாது. அவர் கேட்கிற சம்பளம் அவருக்கும் உண்டு. அவர் வாங்கி வருகிற ஏச்சும் அவருக்கு உண்டு. அவர் அதே லயத்தில் குடியிருக்கிறார். அதே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்.

ஆகவே நான் தேர்ந்தெடுக்கிற சொல் பிரதிநிதி. நம் நாட்டுத் தமிழில் இன்னும் அழகாகச் சொன்னால் பேராளர். மாநாட்டுக்குப் போகிறவரைப் பேராளர் என்கிறோமே, அந்தச் சொல்தான். பலருடைய பேரைத் தாங்கிப் போகிறவர் என்று நான் அதற்குப் பொருள் கொள்கிறேன். பேரைத் தாங்கிப் போக வேண்டுமானால் முதலில் நாம் பேரைக் கொடுக்க வேண்டும். இதைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறேன்.

இக்காலத்துப் பத்திரிகைகளில் போராளி, சமூக ஆர்வலர், செயற்பாட்டாளர் என்ற புதுப் பெயர்களும் வருகின்றன. மரியாதைக்குரிய பெயர்களே. ஆனால் இவை எல்லாம் அந்த ஒரு மனிதரின் ஊக்கத்தைச் சொல்லுகின்றனவே தவிர, அவரை அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்று சொல்லவில்லை. ஆர்வம் அவருக்கு என்றால், மற்றவர்களுக்கு ஆர்வம் இல்லையா?

பெண் பேசினால்

தாய்மார்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் என் பேச்சு நிறைவு பெறாது. ஆண் எழுந்து பேசினால் பேச்சாளர். அதே பேச்சைப் பெண் பேசினால் என்ன பெயர்? வாயாடி! இந்தப் பெயரை வைப்பது ஆபீஸ் அல்ல, ஐயா, நாம்தான் வைக்கிறோம். கட்டினவனும் வைக்கிறான், மாமியாரும் வைக்கிறார். தூண்டிவிடுகிறவன் என்று நிர்வாகம் சொன்னால் கொதித்தெழுகிற நாம், நம் பெண்களுக்கு அதைவிடக் கூரான பெயரை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறோம்.

பாலை நிறுத்துக் கொடுப்பதில் பாதிப்பேர் பெண்கள். கணக்குக் குறைவது முதலில் தெரிவது அவர்களுக்கு. பிள்ளைக் கொட்டகையில் பால் புளித்திருந்தால் முதலில் தெரிவதும் அவர்களுக்கே. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 1930-களில் கோ. நடேசய்யர் தொழிற்சங்கம் கட்டியபோது, அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் நிலையைப் பாட்டாக எழுதி, கூட்டங்களில் தாமே பாடினார். எழுத்துத் தெரியாத ஜனங்களுக்கு அந்தப் பாட்டே துண்டுப் பிரசுரம். அவரை யாராவது வாயாடி என்றா சரித்திரத்தில் எழுதியிருக்கிறார்கள்? ஆகவே கமிட்டித் தேர்தலில் ஒரு பெண்ணின் பெயரை முன்மொழிந்தால் சிரிக்காதீர்கள். வழிமொழியுங்கள்.

சட்டம் வைத்த பெயர்

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1941-ல் நம்மவர்கள் என்ன கேட்டார்கள்? குறை சொல்லுகிறவரைப் பழிவாங்கக் கூடாது என்று கேட்டார்கள். அதற்காகக் கைது, பட்டாளம், துப்பாக்கி எல்லாம் வந்தன. இருபத்தாறு வருஷம் கழித்து வந்த 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒரு தொழிலாளி சங்கத்தில் உறுப்பினராகவோ நிர்வாகியாகவோ இருக்கிறார் என்பதற்காகவோ, சேர விரும்புகிறார் என்பதற்காகவோ, சங்க நடவடிக்கைகளில் கலந்துகொள்கிறார் என்பதற்காகவோ அவரை வேலையிலிருந்து நீக்கவும் கூடாது. நீக்குவேன் என்று மிரட்டவும் கூடாது. அதோடு நிற்கவில்லை. மற்றவர்களைச் சங்கத்தில் சேரும்படி இணங்கச் செய்ய முயல்கிறவருக்கும் அதே பாதுகாப்பு உண்டு.

கவனித்தீர்களா? முன்பு தூண்டிவிடுகிறவன் என்று நாடு கடத்தப்பட்ட மனிதன் செய்த வேலையில் ஒரு பகுதிக்கு, இன்று சட்டப் புத்தகத்தில் பாதுகாப்பு இருக்கிறது. அன்று குற்றம், இன்று உரிமை. இதற்காக வேலை நேரத்தில் வேலையை விட்டுவிட்டுச் சங்கம் பேசலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நமக்கே கெடுதல்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நியாயமான காரணமில்லாமல் வேலையை விட்டு நீக்கப்பட்டதாக ஒருவர் கருதினால், மீண்டும் வேலையில் சேர்க்கும்படி தொழிலுறவு இலாகாவில் 60 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். இது அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு. அறுபது நாள் என்றால் அறுபது நாள்தான். தீபாவளி கழியட்டும், திருவிழா கழியட்டும் என்று தள்ளிப்போட்டால் உரிமை கை நழுவிவிடும். வேலை போன அன்றே கமிட்டிக்குச் சொல்லுங்கள். தேதியை எழுதி வையுங்கள்.

யார் வெளியாள்?

இன்று தோட்டங்களின் தோற்றம் மாறிவிட்டது. பால்மரம் இருந்த காடுகளில் பெரும்பகுதி செம்பனை ஆகிவிட்டது. நம் பிள்ளைகள் பலர் தொழிற்சாலைகளுக்கும் பட்டணங்களுக்கும் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்தில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களை நாம் என்ன சொல்லி அழைக்கிறோம்? வெளியாள்!

இந்தப் பெயரை எங்கே கேட்டோம் என்று நினைத்துப் பாருங்கள். நாதனுக்கு வைத்த பெயர் இது. நம் தாத்தாவும் பாட்டியும் கப்பலில் வந்து இறங்கியபோது அவர்களுக்கும் இதே பெயர்தான். அந்நியத் தொழிலாளி தனக்குச் சேர வேண்டிய கூலியைக் கேட்கப் பயந்து வாய் மூடியிருந்தால், அந்தக் குறைந்த கூலியைக் காட்டித்தான் நம் கூலியையும் பேசுவார்கள். 2013-ல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் ஆனது. அந்தச் சட்டம் உள்ளூர்த் தொழிலாளி, வெளியூர்த் தொழிலாளி என்று பார்க்கவில்லை. நாம் மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? பேச்சு வராதவருக்காகப் பேசுகிறவர்தான் பேராளர் என்றால், பாஷை தெரியாத அந்த மனிதருக்காகவும் பேச வேண்டியது நம் கடமை.

நாம் செய்ய வேண்டியவை

கடைசியாகச் சில யோசனைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

துரையைப் பார்க்கப் போகும்போது ஒருவரைத் தனியாக அனுப்பாதீர்கள். இரண்டு பேராவது போகட்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். தனியாகப் போகிறவரைத் தூண்டிவிடுகிறவர் என்று சொல்லுவது எளிது.

வாய்ப்பேச்சோடு நிற்காமல் எழுத்தில் கொடுங்கள். இங்கேதான் கிராணிமார்களின் உதவி வேண்டும். 1941-ல் முரட்டுக் கிராணிகளை நீக்கச் சொன்னார்கள் என்று சொன்னேன். உங்களைச் சங்கடப்படுத்துவதற்காக அதைச் சொல்லவில்லை. தோட்டச் சிப்பந்திகளுக்கும் இன்று சங்கம் உண்டு, குறையும் உண்டு. பேனா பிடித்த கை பால்மரம் வெட்டுகிற கைக்குத் துணை நின்றால், இரண்டுக்கும் பலம். கடிதத்தில் “தாழ்மையுடன் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம்” என்று எழுத வேண்டாம். “கோருகிறோம்” என்று எழுதுங்கள். மரியாதை இருக்கட்டும், கெஞ்சல் வேண்டாம். எழுதியதை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள்.

போய் வந்தவர்கள் அன்று மாலையே லயத்தில் வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். கிடைத்ததையும் சொல்ல வேண்டும். கிடைக்காததையும் சொல்ல வேண்டும். சொல்லாதவர் கங்காணி ஆகிவிடுவார். கமிட்டி சரியாக நடக்கவில்லை என்றால் அடுத்த தேர்தலில் மாற்றுங்கள். தெருவில் நின்று ஏசாதீர்கள்.

முடிவாக ஒன்று. செக்ரோலில் நம் பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி உண்டு என்பது நமக்குத் தெரியும். ஒரு நாள் பேர் விட்டுப்போனால் ஆபீஸ் வாசலில் போய் நின்று கேட்கிறோம். அதே கவனம் கோரிக்கைக் கடிதத்திலும் வேண்டும். நாற்பது வீடு உள்ள லயத்திலிருந்து மூன்று கையெழுத்தோடு ஒரு கடிதம் போனால், அந்த மூன்று பேர்தான் கலகக்காரர்கள். எண்பது கையெழுத்தோடு போனால் அது தோட்டத்தின் கோரிக்கை. கையெழுத்துத் தெரியாதவர் கைநாட்டு வைக்கட்டும்.

“இவனைத் தூண்டிவிட்டது யார்?” என்று ஆபீஸில் கேட்கும்போது, “இவரை நாங்கள்தான் அனுப்பினோம்” என்று சொல்ல ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வாசலில் நிற்க வேண்டும். அந்தப் பதிலுக்கு உங்கள் தோட்டங்களைத் தயார் செய்வதுதான் கமிட்டி உறுப்பினர்களாகிய உங்களின் முதல் வேலை.